விரைந்து செல்வதைச் சொல்லும் ஆங்கில வினைகள்: மலையில் வழிகாட்டுவோருக்கும் வண்டி ஓட்டுவோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

கீரி ரோட்டைக் கடந்தாலும், காட்டுமாடு எதிரே வந்தாலும், விருந்தினர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாலும் 'ரன்னிங், ரன்னிங்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்பவர்கள் உதகையிலும் கொடைக்கானலிலும் நிறையப் பேர். அதிலிருந்து மேலே வர நினைப்பவர்கள் அடுத்த பள்ளத்தில் விழுகிறார்கள். அறுபது சொற்களை மனப்பாடம் செய்துவிட்டு, அணிலுக்கும் குரங்குக்குட்டிக்கும் உரிய சொல்லைப் போட்டு, யானை 'ஸ்கேம்பர்' பண்ணியது என்கிறார்கள். விரைவைச் சொல்லும் வினைகள் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கில் பிரிவதில்லை என்பது தெரியாததால் வரும் தடுமாற்றம் இது. யார் போவது, எதற்காக, எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் என்பதை வைத்துத்தான் அவை பிரிகின்றன. கீழே உள்ள வரிசை அந்தப் பிரிப்பைப் பின்பற்றுகிறது. வரிசையை மாற்றிப் படித்தால் சொற்கள் நினைவில் நிற்கும்; வாயில் தவறான இடத்தில் வந்து விழும்.

1. தொடங்கும் முன்

ஒரு கோடு போட்ட நோட்டும், மாணவர்களுக்கான ஆங்கிலம்-ஆங்கிலம் அகராதி ஒன்றும் வேண்டும். போனில் உள்ள அகராதியே போதும். உச்சரிப்பைக் கேட்க வசதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம்-தமிழ் அகராதியை மட்டும் நம்பினால் பத்து வினைகளுக்கும் 'விரைந்து செல்' என்ற ஒரே பொருள்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

இங்கே சொற்கள் ஒலிப்பில் தரப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் எழுத்துக்கூட்டலையும் அகராதியில் பார்த்து உங்கள் கையால் எழுதுங்கள். நோட்டில் ஒரு வினைக்கு ஐந்து கட்டம் போடுங்கள்: எழுத்துக்கூட்டல், இறந்தகாலம், யார் செய்வது, ஏன் செய்வது, கூட வரும் திசைச்சொல். தமிழ்ப் பொருளுக்குக் கட்டம் போட வேண்டாம். போட்டால் எல்லாக் கட்டத்திலும் 'வேகமாகப் போ' என்று எழுதி முடித்துவிடுவீர்கள். அதற்குப் பதிலாக உங்கள் ஊரில் கண்ட ஒரு காட்சியை ஒரு வரியில் எழுதுங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு வினை போதும். பொருள் நெருங்கிய இரண்டை ஒரே நாளில் எடுங்கள். 'டார்ட்' இன்றைக்கு, 'டேஷ்' அடுத்த மாதம் என்று வைத்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணில் படாமலே போகும்.

2. தமிழ் வாக்கியத்தில் அடைச்சொல்லைப் பிடியுங்கள்

தமிழில் ஓட்டத்தின் விதத்தைச் சொல்வது வினைக்கு முன்னால் வரும் அடைச்சொல். விருட்டென்று போனான், குடுகுடுவென்று ஓடினாள், திபுதிபுவென்று வந்தார்கள், தலைதெறிக்க ஓடினார்கள், சர்ரென்று போனது. இவற்றில் வினை போ, வா, ஓடு ஆகிய மூன்றில் ஒன்றுதான். ஆங்கிலம் அந்த முன்சொல்லையும் வினையையும் சேர்த்து ஒரே சொல்லாக அரைத்துவிடுகிறது. ஆகவே முதல் வேலை, நீங்கள் சொல்ல நினைக்கும் தமிழ் வாக்கியத்தில் அந்த முன்சொல்லுக்கு அடிக்கோடு போடுவது.

அடிக்கோடு போட்ட சொல் ஏறக்குறைய இந்தத் திசையைக் காட்டும். 'விருட்டென்று' என்றால் 'டார்ட்' பக்கம். 'குடுகுடுவென்று' என்றால் 'ஸ்கர்ரி'. 'தலைதெறிக்க' என்றால் 'போல்ட்' அல்லது 'ஃப்ளீ'. 'அரக்கப்பரக்க' என்றால் 'ரஷ்'. 'சர்ரென்று' வண்டிக்கு 'ஸிப்' அல்லது 'ஸூம்'. 'விறுவிறுவென்று நடந்தாள்' என்பதற்கு ஓட்ட வினையே கூடாது. நீள அடி வைத்து நடப்பதைச் சொல்லும் 'ஸ்ட்ரைட்' சரி. 'துள்ளித் துள்ளி' என்றால் 'பௌண்ட்'. 'தடதடவென்று' கூட்டமாக ஓடினால் 'தண்டர்'. இடியைக் குறிக்கும் அதே சொல்தான். 'நாலுகால் பாய்ச்சல்' என்றால் கேள்வியே இல்லை, 'கேலப்'. இவை கைகாட்டி மரங்கள், அவ்வளவுதான். அடுத்த படியைத் தாண்டாமல் எதையும் வாக்கியத்தில் போட வேண்டாம்.

முன்சொல் எதுவும் இல்லாமல் 'பையன் ஓடினான்' என்று மட்டும் மனசில் இருந்தால் 'த பாய் ரேன்' என்றே சொல்லுங்கள். அலங்காரத்துக்காக 'ஸ்பிரின்டட்' போடுவது புதிதாகப் படித்தவர்களின் ஆசை. கேட்பவருக்கு ஓட்டப்பந்தயம் நடந்தது போலத் தோன்றும்.

இங்கே வரும் பெரிய தவறு இரட்டிப்பு. தமிழில் முன்சொல் இல்லாமல் விதம் வராது என்ற பழக்கத்தில் 'டேஷ்ட் குயிக்லி', 'ரஷ்ட் ஃபாஸ்ட்' என்று ஆங்கிலத்திலும் ஒரு சொல்லை ஒட்டுகிறோம். வினைக்குள்ளேயே வேகம் இருக்கிறது, ஒட்டியதை எடுத்துவிடுங்கள். 'ஃபாஸ்ட்லி' என்று ஒரு சொல்லே கிடையாது. 'ரேன் ஃபாஸ்ட்' என்றால் போதும்.

3. நான்கு கேள்விகளைக் கேளுங்கள்

முதல் கேள்வி: ஓடுவது யார்? சிறிய கால்களா, குளம்பா, சக்கரமா, மனிதரா? இரண்டாவது: ஏன்? நேரம் போதவில்லையா, பயமா, தாக்கவா, விளையாட்டா? மூன்றாவது: எவ்வளவு நேரம்? ஒரு நொடியா, ஒரு மணி நேரமா? நான்காவது: பாதை எப்படி? நேராகவா, வளைந்து நெளிந்தா, கட்டுப்பாடு இருக்கிறதா?

குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் நிற்கும் ஒரு காட்டுமாட்டை (ஆங்கிலத்தில் 'கோர்') எடுத்துக்கொள்வோம். ஹாரன் சத்தத்தில் வெருண்டு சோலைக்காட்டுக்குள் ஓடினால், 'த கோர் போல்ட்டட் இன்டு த ஷோலா'. ஆளைப் பார்த்துக் கொம்பைத் தாழ்த்திப் பாய்ந்து வந்தால், 'இட் சார்ஜ்ட் அட் ஹிம்'. மந்தையே மிரண்டு ஓடினால், 'த ஹெர்ட் ஸ்டேம்பீடட்'. எந்தப் பதற்றமும் இல்லாமல் கொஞ்சம் வேகமாக ரோட்டைக் கடந்தால், 'இட் ட்ராட்டட் அக்ராஸ் த ரோட்'. முதல் மூன்றிலும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கலாம். வினையை மாற்றியது காரணம்.

நான்கு கேள்விகளில் 'ஏன்' என்பதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பயணிக்கு வேண்டியது அதுதான். ஜீப்பை நிறுத்துவதா, கண்ணாடியை ஏற்றுவதா, படம் எடுப்பதா என்று அவர் முடிவு செய்வது 'போல்ட்டட்', 'சார்ஜ்ட்' என்ற வேறுபாட்டை வைத்துத்தான்.

4. நேரம் விரட்டும்போது: ஹர்ரி, ரஷ், ஹேஸன்

இந்த மூன்றும் கால் எப்படி அசைந்தது என்று சொல்வதில்லை. நடந்தும் 'ஹர்ரி' பண்ணலாம், ஜீப்பில் உட்கார்ந்தும் பண்ணலாம். 'வீ ஹர்ரிட் பேக் டு ஊட்டி' என்றால் இருட்டுவதற்குள் திரும்பினோம் என்பதே பொருள். ஓடிக்கொண்டு திரும்பியதாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

'ஹர்ரி' என்றால் நேரம் குறைவு. ஆனாலும் ஆள் நிதானம் இழக்கவில்லை. 'ரஷ்' ஒரு படி மேலே: பதற்றம், சில சமயம் கவனக்குறைவு. 'டோன்ட் ரஷ்' என்பதில் 'அவசரப்பட்டுக் கெடுத்துவிடாதே' என்ற தொனி உண்டு. 'ஹேஸன்' எழுத்துக்கும் சம்பிரதாயப் பேச்சுக்கும் உரியது. ஜீப் ஸ்டாண்டில் வேண்டாம்.

'ரஷ்' தமிழில் வேறு பொருளில் குடியேறிவிட்டது என்பதால் இங்கே தனிக் கவனம் வேண்டும். நமக்கு ரஷ் என்றால் கூட்டம். 'பஸ் ஒரே ரஷ்' என்பதை 'த பஸ் இஸ் ரஷ்' என்று மாற்றினால் யாருக்கும் புரியாது. 'த பஸ் இஸ் கிரவுடட்' என்று சொல்லுங்கள். இதைவிட மோசமானது, தவறு என்றே தெரியாமல் போகும் வாக்கியம். தூண் பாறையில் இன்றைக்குக் கூட்டம் இல்லை என்று நினைத்து 'நோ ரஷ் டுடே' என்று வழிகாட்டி சொல்கிறார். வெளிநாட்டுப் பயணிக்கு அது 'அவசரமே இல்லை, மெதுவாக வாருங்கள்' என்று கேட்கிறது. அவர் நிதானமாக இன்னொரு காபி சொல்கிறார். பத்து மணிக்குள் மேகம் ஏறிவிடும் இடத்துக்கு அவரைக் கூட்டிப் போக வேண்டியிருந்தால் அன்றைய நாள் போச்சு. கூட்டத்துக்கு 'கிரவுட்', அவசரத்துக்கு 'ரஷ்' என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

மரியாதை விஷயமும் உண்டு. 'ஹர்ரி அப்' என்பது வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்வது. விருந்தினரிடம், அதிலும் வயதானவரிடம் சொன்னால் 'சீக்கிரம் வாய்யா' என்று சொன்னது போல இருக்கும். காரணத்தைச் சொல்லி, 'நாம்' என்று உங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதுமலை வழியாக மைசூருக்குப் போகிறவர்களுக்கு நிஜமான காரணமே இருக்கிறது: பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும். 'த பந்திப்பூர் ரோட் க்ளோசஸ் அட் நைன், ஸோ வீ ஷுட் கெட் கோயிங்.' யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

5. கண் இமைக்கும் நேரம்: டேஷ், டார்ட், போல்ட்

மூன்றும் குறுகிய நேரத்துக்கானவை. ஊட்டியிலிருந்து குன்னூருக்குச் சுமார் 19 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு 'டார்ட்டட்' என்று சொன்னால் சிரிப்பார்கள். கடையிலிருந்து கார் வரை, மரத்திலிருந்து மரம் வரை, பார்வைக்கு எட்டும் தூரம்தான் இவற்றின் எல்லை.

'டேஷ்' மனிதருக்குப் பொருத்தம். ஒரு குறிக்கோள் இருக்கும், கட்டுப்பாடு இருக்கும். மழை வலுத்தபோது குடைக்குள்ளிருந்து காருக்கு ஓடுவது, பஸ் நிற்கிற ஐந்து நிமிடத்தில் தண்ணீர் பாட்டில் வாங்க ஓடுவது. 'ஐ மஸ்ட் டேஷ்' என்று ஒரு பிரிட்டிஷ் பயணி சொன்னால் அவர் உடனே கிளம்ப வேண்டும் என்று அர்த்தம்.

நம் ஊரில் 'டேஷ்' என்றால் மோதல். 'பின்னாடி வந்த வண்டி டேஷ் அடிச்சிருச்சு' என்று தமிழில் சொல்லிக்கொள்ளுங்கள், தடையில்லை. இந்தியாவுக்கு வெளியிலிருந்து வந்தவரிடம் 'எ கார் டேஷ்ட் அஸ்' என்றால் புரியாமல் விழிப்பார். மோதலுக்கு 'ஹிட்'.

'டார்ட்' என்பதை எறிந்த சிற்றம்பாக நினைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று கிளம்பும், சின்னதாக இருக்கும், சட்டென்று திசை மாறும். கீரி, பல்லி, சிறு பறவை, காட்டுக்கோழி எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். 'எ ஜங்கிள்ஃபௌல் டார்ட்டட் அக்ராஸ் த ரோட்.' குழந்தை ரோட்டில் குறுக்கே பாய்ந்தாலும் இதுவே. யானைக்கும் பஸ்ஸுக்கும் ஆகாது. அந்த உடம்புக்கு அம்பின் நெளிவு வராது.

'போல்ட்' பயத்தில் பிறக்கும் ஓட்டம். எங்கே போகிறது என்பதைவிட எதை விட்டு ஓடுகிறது என்பது இதில் பெரிது. புள்ளிமான் கூட்டம் நாய்க்குரைப்பு கேட்டதும் கலைவது இதுதான். கொடைக்கானல் ஏரிக்கரையில் குதிரை நடத்துபவர்கள் இந்தச் சொல்லைத் தவறாமல் தெரிந்துவைக்க வேண்டும். 'த ஹார்ஸ் போல்ட்டட்' என்றால் குதிரை மிரண்டு கட்டுமீறி ஓடியது, மேலே இருப்பவர் கையில் அது இல்லை என்று பொருள். குதிரை நன்றாக ஓடும் என்று பெருமையாகச் சொல்ல நினைத்து 'மை ஹார்ஸ் போல்ட்ஸ்' என்று சொன்னால் எந்தத் தாயும் குழந்தையை ஏற்ற மாட்டாள்.

6. சின்னக் கால்கள்: ஸ்கர்ரி, ஸ்கட்டில், ஸ்கேம்பர்

மூன்றும் சட்டெனக் குழம்பும், ஆனால் பிரிப்பது எளிது. 'ஸ்கர்ரி' என்றால் சிறு அடிகள், பரபரப்பு: எலி, மழைக்கு ஒதுங்க ஓடும் ஜனங்கள். 'ஸ்கட்டில்' என்றால் தரையோடு தரையாக, மறைய நினைத்து: நண்டு, கரப்பான், சிலந்தி. மனிதருக்குப் போட்டால் ஏளனம் வந்துவிடும். 'ஸ்கேம்பர்' என்றால் லேசான, துறுதுறுப்பான ஓட்டம்: குரங்குக்குட்டி, அணில், நாய்க்குட்டி, குழந்தைகள்.

கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் குரங்கு சிப்ஸ் பாக்கெட்டைப் பறித்துக்கொண்டு மரம் ஏறியதைச் சொல்ல, 'இட் ஸ்னேச்ட் த பேக்கெட் அண்ட் ஸ்கேம்பர்ட் அப் த ட்ரீ'. மலை அணில் கிளையோடு ஓடுவதற்கும் இதையே வைத்துக்கொள்ளலாம். மரத்துக்கு மரம் தாவும்போது மட்டும் 'லீப்'.

7. பெரிய உடம்பும் குளம்பும்

யானைக்கு 'கேலப்' போடக் கூடாது. இலக்கணத் தடை இல்லை. யானையின் உடலமைப்பே அப்படி. நாலு காலும் தரையை விட்டு எழும்பும் பாய்ச்சல் யானைக்குக் கிடையாது. வேகமாக வந்தாலும் ஒரு காலாவது தரையில் இருக்கும். யானை தாக்க வருவது 'சார்ஜ்'. காதை விரித்துக்கொண்டு கொஞ்ச தூரம் வந்து நின்றுவிடும் மிரட்டலுக்கு 'மாக் சார்ஜ்' என்று பெயர். மசினகுடியில் வண்டி ஓட்டுபவர்கள் இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

'சார்ஜ்' போனுக்கும் உண்டு, கூலிக்கும் உண்டு. 'த டிரைவர் சார்ஜ்ட் அஸ்' என்று பாதியில் நிறுத்தினால் கட்டணம் வாங்கினாரா, மேலே பாய்ந்தாரா என்று சிரிக்க இடமாகும். தொகையைச் சேர்த்துச் சொன்னால் தீர்ந்தது.

வரையாடு செங்குத்துப் பாறையில் ஏறுவதற்கு 'பௌண்ட்': நீளமாகத் துள்ளித் துள்ளிப் போவது. சிறுத்தை பதுங்கிப் பாய்வது 'பௌன்ஸ்'. எதன் மேல் என்று சொல்லும்போது கூடவே 'ஆன்' வர வேண்டும். செந்நாய்க் கூட்டம் மானைத் துரத்துவது 'சேஸ்'. இங்கே நம் வாய் 'ரேன் பிஹைண்ட்' என்று போகும், ஏனென்றால் தமிழில் 'பின்னால் ஓடியது' என்கிறோம். ஆங்கிலத்தில் அது முதுகுக்குப் பின்னே கூடவே ஓடியதாகத்தான் தோன்றும். 'சேஸ்ட்' அல்லது 'ரேன் ஆஃப்டர்' என்று மாற்றுங்கள்.

குதிரை நடைகளுக்கு ஆங்கிலத்தில் ஏறுவரிசை ஒன்று உண்டு, காதால் எண்ணலாம். 'வாக்' நாலு தட்டு. 'ட்ராட்' இரண்டு தட்டு, உட்கார்ந்திருப்பவரைத் தூக்கித் தூக்கிப் போடும். 'கேன்டர்' மூன்று தட்டு. 'கேலப்' மறுபடியும் நாலு, ஆனால் முழு வேகம். ஏரியைச் சுற்றி லகானைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போவது 'வாக்' மட்டுமே. விருந்தினர் 'கேன் வீ கேன்டர்?' என்று கேட்டால் அவருக்குக் குதிரை ஏறத் தெரியும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்கள் 'ஃபாஸ்ட்' என்றுதான் கேட்பார்கள்.

ஆபத்தான நேரத்தில் இந்தச் சொல் வளம் எதுவும் வேண்டாம். சிறுத்தை எதிரே நின்றால் 'டோன்ட் ரன். பேக் அவே ஸ்லோலி' என்று எளிய சொற்களில் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் பலருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான்.

8. சக்கரமும் பாறையும்

வண்டிக்குப் பொதுவான வினை 'ஸ்பீட்'. ஆனால் 'ஹீ வாஸ் ஸ்பீடிங்' என்றால் வேக வரம்பை மீறினார், அபராதம் கட்ட வேண்டியவர் என்று பொருள். 'ரேஸ்' போட்டி போடுவது போன்ற ஓட்டம். இதயம் படபடப்பதற்கும் ஆக்ஸிலரேட்டரை மிதித்து எஞ்சினைக் கதறவிடுவதற்கும் இதே சொல். 'டேர்' கண்மண் தெரியாத வேகம். 'ஸிப்', 'ஸூம்' பேச்சு வழக்கு, தொனி லேசானது. 'ஷூட்' சட்டென்று நம்மைத் தாண்டிப் போவது: 'எ பைக் ஷாட் பாஸ்ட் அஸ்'.

'ஹர்ட்டில்' மலைக்காரர்களுக்குக் கட்டாயம் வேண்டிய சொல். கட்டுப்பாடு இல்லாமல் பெருவேகத்தில் வருவது: மழையில் சரிவிலிருந்து உருண்டு வரும் பாறை, பிரேக் பிடிக்காத லாரி. 'எ போல்டர் ஹர்ட்டில்ட் டவுன் த ஸ்லோப்.' 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டி இறக்கத்தில் இறங்கும்போது, தன் திறமையைக் காட்ட 'ஐ வில் டேர் டவுன்' என்றோ 'ஹர்ட்டில் டவுன்' என்றோ ஓட்டுநர் சொன்னால் பின்சீட்டில் இருப்பவர் இறங்கி நடக்கத் தொடங்குவார். 'ஐ வில் கோ டவுன் ஸ்லோலி, இன் லோ கியர்' என்பதே அவர் கேட்க விரும்புவது.

மலை ரயிலுக்கு இவற்றில் எதுவும் ஒட்டாது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர் ஏற அதற்கு ஐந்து மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஆகிறது. 'க்ளைம்', 'க்ரால்', 'சக்' என்று சொல்லலாம். 'ரன்' மட்டும் விதிவிலக்கு: 'த ட்ரெயின் ரன்ஸ் ஃப்ரம் மேட்டுப்பாளையம் டு ஊட்டி' என்பதில் ஓட்டம் இல்லை, சேவை நடக்கிறது என்று பொருள். ஆனால் 'நான் ஜீப் ஓட்டுகிறேன்' என்பதை 'ஐ ரன் எ ஜீப்' ஆக்காதீர்கள், அது 'டிரைவ்'.

பள்ளத்தாக்கை மேகம் சட்டென்று மூடுவதற்கு ஆங்கிலத்தில் 'த மிஸ்ட் ஸ்வெப்ட் இன்' என்பார்கள். விளக்குமாறு பெருக்கும் அதே 'ஸ்வீப்'.

9. திசைச்சொல்லை ஒட்டுங்கள்

வினையைத் தேர்ந்த பிறகே இது. முதலிலேயே 'அக்ராஸ்', 'இன்டு' என்று தனியாக மனப்பாடம் செய்தால் எந்த வினையோடு சேரும் என்று தெரியாது. தமிழ் உருபுகளை வைத்துப் பிடியுங்கள். 'குறுக்கே' என்றால் 'அக்ராஸ்'. 'உள்ளே' என்றால் 'இன்டு'. 'விட்டு வெளியே' என்றால் 'அவுட் ஆஃப்'. 'தாண்டி' என்றால் 'பாஸ்ட்'. தாக்கும் நோக்கில் ஒருவரைக் குறிவைத்தால் 'அட்'.

'ரஷ்ட் டு இன்சைட்' என்று இரண்டை அடுக்குவது வழக்கமான பிழை. 'ரஷ்ட் இன்சைட்' அல்லது 'ரஷ்ட் இன்டு த ரூம்'.

காட்டேஜ், லாட்ஜ் வேலையில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விருந்தினர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிப்போனார் என்பதை 'த கெஸ்ட் ரேன் அவே' என்று முதலாளிக்கு மெசேஜ் அனுப்பினால், பில் கட்டாமல் கம்பி நீட்டிவிட்டார் என்று அவர் எடுத்துக்கொள்வார். 'ரஷ்ட் ஆஃப் டு கேச் த பஸ்' என்று அனுப்புங்கள்.

10. யாரை, எதை என்று கேட்டுப் பாருங்கள்

'ரஷ்', 'ஹர்ரி', 'ரேஸ்' மூன்றும் இன்னொருவரையும் இழுத்துக்கொண்டு ஓடும். 'தே ரஷ்ட் ஹிம் டு த ஹாஸ்பிடல்' என்றால் அவரை அவசரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 'டார்ட்', 'ஸ்கர்ரி' தானாக ஓடுவதற்கு மட்டும். 'போல்ட்' பக்கத்தில் ஒரு பொருளை வைத்தால் அர்த்தமே மாறும்: கதவை வைத்தால் தாழ்போடுவது, சாப்பாட்டை வைத்தால் மெல்லாமல் விழுங்குவது.

11. இறந்தகாலத்தைத் தனியாக உருப்போடுங்கள்

நடந்ததைச் சொல்லும்போதுதான் இந்த வினைகள் அதிகம் வரும். ஆகவே இறந்தகாலம் தெரியாத வினை பாதி வினை. பெரும்பாலானவை 'எட்' சேர்த்தால் முடிந்துவிடும். 'ஹர்ரி', 'ஸ்கர்ரி' இரண்டிலும் கடைசி 'ஒய்' போய் 'ஐ' வரும். நடுவில் 'ஆர்' இரண்டு என்பதை மறக்க வேண்டாம்.

அடங்காதவை சிலதான்: 'ரன்', 'ரேன்'. 'ஷூட்', 'ஷாட்'. 'டேர்', 'டோர்'. 'ஸ்வீப்', 'ஸ்வெப்ட்'. 'ஸ்ட்ரைட்', 'ஸ்ட்ரோட்'. 'ஃப்ளீ', 'ஃப்ளெட்'. இந்தக் கடைசியைப் பறத்தலோடு குழப்புகிறார்கள். பறத்தல் 'ஃப்ளை', 'ஃப்ளூ'. 'ஸ்பீட்' இரண்டு வழியில் போகும்: விரைந்து போனது 'ஸ்பெட்', வேகத்தைக் கூட்டியது 'ஸ்பீடட் அப்'.

12. தமிழ் எழுத்து மறைக்கும் ஒலிகள்

தமிழில் எழுதினால் ஒன்றாகத் தெரிந்து, பேசும்போது வேறாகும் சொற்கள் இந்தப் பட்டியலில் அதிகம். 'டார்ட்' என்பதில் முதல் 'ட' பண்டத்தில் வரும் ஒலி, கடைசி 'ட்' பட்டத்தில் வரும் ஒலி. 'கேலப்' தொடங்குவது தங்கத்தில் வரும் 'க' ஒலியில். 'போல்ட்' கடைசியில் வல்லொலி. மெலிந்தால் துணிச்சலைக் குறிக்கும் சொல்லாகிவிடும். 'ஹர்ட்டில்' நடுவே மெலிந்தால் தாண்டி ஓடும் தடை. 'டேர்' எழுதும்போது கண்ணீரைக் குறிக்கும் சொல்லின் அதே எழுத்துகள், ஒலி மட்டும் வேறு. 'ஹேஸன்' எழுத்தில் 'டி' உண்டு, வாயில் கிடையாது. 'ஸிப்', 'ஸூம்' இரண்டும் வண்டு ரீங்கரிக்கும் ஒலியில் தொடங்க வேண்டும்.

'ரஷ் டிரைவிங்' என்று சொல்லப்படுவதும் இந்த வகைதான். பொறுப்பற்ற ஓட்டுதலைக் குறிக்கும் சொல் அவசரத்தைச் சொல்லும் 'ரஷ்' அல்ல, 'ரேஷ்'; அதில் 'ஆ'வுக்கும் 'ஏ'வுக்கும் நடுப்பட்ட ஒலி வரும். அகராதியில் இரண்டையும் மாற்றி மாற்றி ஐந்து முறை கேளுங்கள்.

13. ஒரு காட்சியை முழுதாகப் போட்டுப் பாருங்கள்

இந்தத் தமிழை எடுத்துக்கொள்ளுங்கள்: 'மழை வந்ததும் ஜனங்கள் குடுகுடுவென்று கடைகளுக்குள் ஓடினார்கள். ஒரு பையன் மட்டும் காரிலிருந்த கேமராவை எடுக்க ஓடினான். இடிச் சத்தத்தில் ஒரு குதிரை மிரண்டு பாலத்தைத் தாண்டி ஓடியது. குதிரைக்காரர் அதைத் துரத்தினார்.'

முதல் வாக்கியத்தில் அடைச்சொல் இருக்கிறது. சிறு அடி, பரபரப்பு, ஒதுங்கும் நோக்கம். ஆகவே 'ஸ்கர்ரிட் இன்டு த ஷாப்ஸ்'. இரண்டாவதில் அடைச்சொல் இல்லை, ஆனால் குறிக்கோளும் குறுகிய தூரமும் இருக்கின்றன: 'டேஷ்ட் டு த கார்'. வெறும் 'ரேன்' போட்டாலும் பிழையில்லை. மூன்றாவதில் காரணம் பயம்: 'போல்ட்டட் பாஸ்ட் த பிரிட்ஜ்'. பாலத்தின் மேலேயே ஓடியிருந்தால் 'அக்ராஸ் த பிரிட்ஜ்'. தமிழில் 'தாண்டி' இரண்டுக்கும் ஒன்றாக நிற்பதால் எது நடந்தது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நாலாவது, 'சேஸ்ட் இட்' அல்லது 'ரேன் ஆஃப்டர் இட்'.

இதே போல உங்கள் ஊர்க் காட்சிகள் ஐந்தை எழுதி, நான்கு கேள்விகளையும் பக்கத்தில் போட்டு, வினையைக் கடைசியில் நிரப்புங்கள். வினை முதலில் தோன்றி, கேள்விகளை அதற்கேற்ப வளைத்துக்கொண்டால் அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.